செடி நின்ற இடத்திலேயே வரைந்தவர்: மரியான் நோர்த் (1830 – 1890)

இலண்டன் மாநகரின் மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கியூ தாவரவியற் பூங்காவுக்குப் போகின்றவர்களிற் பலர் அங்குள்ள பெரிய கண்ணாடி வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பூங்காவின் கிழக்கு ஓரத்தில், வீதியை அண்டினாற்போல, விறாந்தை வைத்த செங்கற் கட்டடம் ஒன்று நிற்கிறது. உள்ளே சென்றால் சுவரே கண்ணிற் படாது. சட்டத்தோடு சட்டம் உரச, 832 ஓவியங்கள் அங்கே மாட்டப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, பல நாடுகளிலிருந்தும் சேர்க்கப்பட்ட 246 வகை மரங்களின் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன.

இத்தனை ஓவியங்களையும் வரைந்தவர் ஒருவரே. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. எந்தப் படம் எங்கே இருக்கவேண்டும் என்று ஏறத்தாழ ஓர் ஆண்டு காலம் உடனிருந்து ஒழுங்குசெய்தவரும் அவரே. மரியான் நோர்த் என்ற அந்தப் பெண்மணி எமக்கு முற்றிலும் அந்நியரல்லர். எமது பேராதனையின் மரங்களும் அந்தச் சுவரில் இருக்கின்றன.

எம்மிற் பலர் சித்திரப் பாடத்தைப் பாடசாலையோடு விட்டுவிட்டவர்கள். படிப்பு வேறு, படம் கீறுவது வேறு என்றுதான் எண்ணி வளர்ந்தோம். அப்படிப்பட்டவர்களுக்கு இவரது வாழ்க்கை சொல்வதற்குச் சில விடயங்களை வைத்திருக்கிறது. போகுமிடமெல்லாம் கையில் ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுபோகும் பழக்கம்தான் இவரிடம் முதலில் இருந்தது. அந்தப் பழக்கமே பின்னர் ஒரு வாழ்நாட் பணியாயிற்று.

தந்தையின் வீட்டில்

மரியான் நோர்த் 1830 ஒக்டோபர் 24ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெடரிக் நோர்த் அந்நகரின் பாராளுமன்ற உறுப்பினர்; வசதி படைத்தவர். மகளின் பாடசாலைக் கல்வியோ மிகக் குறுகியது. அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்கள் பாட்டு, பியானோ, பூ வரைதல் ஆகியவற்றைக் கற்றார்கள். அவை அறிவுக்காகக் கற்பிக்கப்பட்டவையல்ல. விருந்தினர் முன் காட்டுவதற்கும், நல்ல இடத்தில் மணமுடித்துப் போவதற்குமான அணிகலன்கள்.

மரியான் முதலில் விரும்பியது பாட்டையே. முறையாகப் பயின்றார். ஆனால் குரல் கைகொடுக்கவில்லை. அதன் பின்னரே தூரிகையின் பக்கம் திரும்பினார். பூக்களை வரைவதற்குச் சில ஆசிரியர்களிடம் கொஞ்சக் காலம் கற்றதைத் தவிர, பெரிய கலைப் பயிற்சி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

1855 இல் தாயார் காலமானார். தந்தையை விட்டுப் பிரியக்கூடாது என்று இறக்குந் தறுவாயில் மகளிடம் வாக்கு வாங்கியிருந்தார். மகளும் அதைக் காப்பாற்றினார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் வீட்டை நடத்தியதும், தந்தையோடு பயணஞ் செய்ததுமே அவரது வாழ்க்கை. தந்தை நடப்பதிலும் ஊர் பார்ப்பதிலும் விருப்பமுள்ளவர். அல்ப்ஸ் மலை, ஸ்பெயின், துருக்கி, சிரியா, எகிப்து என்று இருவரும் சென்றார்கள். சென்ற இடமெல்லாம் மகள் நீர்வர்ணத்தால் படப் புத்தகங்களை நிரப்பினார். அப்போது அவை வெறும் பயண நினைவுகளே.

இரண்டு சம்பவங்கள் அந்தப் பழக்கத்துக்குத் திசை காட்டின. கியூ பூங்காவுக்குச் சென்றிருந்த ஒரு நாள், அதன் பணிப்பாளர் சேர் வில்லியம் ஹூக்கர், பர்மாவைச் சேர்ந்த அம்ஹேஸ்தியா மரத்தின் பூங்கொத்தொன்றை அவருக்குக் கொடுத்தார். நெருப்புப் போன்ற சிவப்பில் தொங்கும் அந்தப் பூக்கள், அவை பிறந்த நாடுகளையே போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை மூட்டின. இன்னொன்று, 1867 அளவில் றொபேட் டௌலிங் என்ற ஓவியர் அவருக்கு எண்ணெய் வர்ணத்தைப் பழக்கியமை. அதன் பின் அவர் நீர்வர்ணத்தை ஏறத்தாழக் கைவிட்டார்.

1869 ஒக்டோபரில் தந்தை இறந்தார். மரியானுக்கு அப்போதுதான் 39 வயது நிறைந்திருந்தது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கையிற் பணமும் தன் விருப்பப்படி நடக்கும் சுதந்திரமும் இருந்தன. இந்த வயதில் ஒரு பெண்ணின் கதை முடிந்துவிட்டது என்று அன்றைய சமூகம் நினைத்தது. அவருடைய பணி தொடங்கியதோ அதன் பின்னர்தான்.

நாற்பது வயதின் பின்

1871 இல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்றார். அந்த ஆண்டின் இறுதியில் யமேக்காத் தீவில் இறங்கினார். கிங்ஸ்ரன் நகருக்கு மேலே, கைவிடப்பட்டுக் காடாகிப்போன பழைய தாவரவியற் பூங்கா ஒன்றினுள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். வாசற்படியில் நின்றாலே வாழையும் மாமரமும் கொடிகளும் கண்ணெதிரே இருந்தன.

அங்கேதான் அவரது நாளாந்த ஒழுங்கு உருவாயிற்று. விடியும்போதே வர்ணப் பெட்டியோடு வெளியே போய்விடுவார். நண்பகல் வரை வெளியில் வரைவார். மழை கொட்டும் பிற்பகல்களில் வீட்டுக்குள் இருந்து வரைவார். மழை விட்டதும் மறுநாள் வரைவதற்கு எதையாவது தேடி நடப்பார். இந்த ஒழுங்கை அவர் போன நாடெங்கும் கொண்டுபோனார். அடுத்து பிறேசிலுக்குச் சென்று, மினாஸ் ஜெராயிஸ் மலைப்பகுதியில் எட்டு மாதங்களளவு தங்கி வரைந்தார். 1875 இல் தெனெரிப் தீவுக்குச் சென்றார். அதே ஆண்டில் உலகைச் சுற்றும் நீண்ட பயணத்தைத் தொடங்கி கலிபோர்னியா, யப்பான், போர்னியோவின் சரவாக், யாவா வழியாக இலங்கைக்கு வந்தார்.

அவர் செய்ததன் புதுமை என்ன? அக்காலத் தாவர ஓவியர்கள் ஒரு கிளையை வெட்டி மேசைக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் தாளில் நீர்வர்ணத்தால் வரைவார்கள். இலை, இதழ், மகரந்தம் எல்லாம் துல்லியமாக இருக்கும். செடி எங்கே நின்றது என்பது மட்டும் அதில் இருக்காது. மரியான் நோர்த் செடியைத் தேடிப் போனார். அதைச் சுற்றி நின்ற மற்றச் செடிகள், பின்னாலுள்ள மலை, மேலே வானம், இலைமேல் இருந்த பூச்சி, கிளையில் வந்து குந்திய பறவை எல்லாவற்றையும் சேர்த்தே வரைந்தார். தாளில் மையினால் விரைவாகக் கோடு கீறிக்கொண்டு, அதன் மேல் எண்ணெய் வர்ணத்தைத் தடிப்பாகப் பூசுவார். வெப்ப நாட்டு வெயிலின் நிறத்தை நீர்வர்ணம் தாங்காது என்பது அவர் கண்ட அனுபவம்.

மருத்துவ பீடத்தின் முதலாம் ஆண்டில் எலும்பைக் கையில் தந்து அதை வரையச் சொல்வார்கள். எமது படங்கள் அழகாக இருப்பதில்லை. அழகு அங்கே நோக்கமுமல்ல. நரம்பு ஓடும் பள்ளம் எந்தப் பக்கம் என்று வரையும் கை தீர்மானித்தே ஆகவேண்டும். அதற்குக் கண் திரும்பவும் எலும்புக்குப் போகவேண்டும். வாசித்ததை மறந்தாலும் வரைந்ததை மறப்பதில்லை. நோயாளியின் வயிற்றைச் சிறு படமாகக் கீறி, வலி எங்கே என்று அதில் அடையாளமிடும் வழக்கம் எமது குறிப்பேடுகளில் இன்றும் இருக்கிறது. நின்று வரைவதென்பது கவனமாகப் பார்ப்பதற்கான ஒரு வழி. மரியான் நோர்த் பல ஆண்டுகள் செய்ததும் இதுவே.

இலங்கையில்

1876 இன் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்த அவர், பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்சைச் சந்தித்தார். தாவரவியலில் ஆழ்ந்து, 1849 முதல் அந்தப் பூங்காவை வளர்த்துவந்தவர் துவைற்ஸ். பேராதனையில் மரியான் வரைந்தவற்றுள் றப்பர் அத்தி மரச் சாலையும் ஒன்று. இன்று நாம் பால் வெட்டும் றப்பர் மரமல்ல அது. நிலத்தின் மேல் பாம்புகள் போல வேர்கள் நெளிந்து கிடக்கும் ஆலின் இனம். பூங்காவுக்கு அருகில் நின்ற தாளிப்பனையையும் வரைந்தார். பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை உச்சியில் பெருங்குலையாகப் பூத்து, காய்த்ததும் பட்டுப்போகும் மரம் தாளிப்பனை.

அவர் வந்த காலம் இலங்கையின் மலைநாடு நிறம் மாறிக்கொண்டிருந்த காலம். 1869 இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. தேயிலை மெல்ல இடம்பிடிக்கத் தொடங்கியிருந்தது.

களுத்துறைக் கடலோரத்தில் அப்போது வாழ்ந்தவர் ஜூலியா மாகிரற் கமரன். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான அவர், 1875 இல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தவர். இங்கேயே 1879 இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டவர். மரியான் அவரது வீட்டில் தங்கினார். விருந்தாளியைப் படம் பிடிப்பதில் கமரன் அம்மையார் மிகுந்த ஆவல் கொண்டார். உச்சி வெயிலில், உடம்பைச் சுற்றிக் கம்பளித் துணி போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையிற் குத்த நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கும்படி வேறு சொன்னாராம். மரியான் இதைப் பின்னாளில் நகைச்சுவையோடு எழுதிவைத்தார். தம் மனதிலுள்ள காட்சிக்கு ஏற்ப ஆளை ஒழுங்குசெய்வது கமரனின் வழி. எதையும் அசைக்காமல் அது இருக்கும் இடத்துக்குப் போவது மரியானின் வழி. இரண்டு பெரிய கண்கள் சில நாட்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பது களுத்துறைக்குப் பெருமைதான்.

இந்தியாவும் அவர் வரையாததும்

1877 இன் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பியவர் அந்த ஆண்டிலேயே மீண்டும் புறப்பட்டு, 1879 வரை இந்தியாவிற் கழித்தார். மதுரை, தஞ்சாவூர் எனத் தொடங்கி, வடக்கே இமயமலை அடிவாரம் வரை சென்றார். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த வடமொழி அறிஞர் பேர்னெல்லின் தூண்டுதலால், இந்துக்கள் புனிதமாகப் போற்றும் தாவரங்களையும் வரைந்தார். டார்ஜிலிங்கிலிருந்து தெரியும் கஞ்சன்ஜங்கா சிகரத்தை விடியற்பொழுதின் நிறங்களோடு தீட்டினார்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடமுடியாது. அவர் தென்னிந்தியாவில் இருந்த காலம், சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பெரும் பஞ்சத்தின் காலம். கியூவின் சுவரிலே கோயிலும் மரமும் இருக்கின்றன. அந்தப் பஞ்சத்தின் கதையை அறிவதற்கு நாம் வேறிடம் போகவேண்டும். ஆளுநர்களுக்கான அறிமுகக் கடிதங்களோடு பேரரசின் பாதைகளிற் பயணஞ் செய்தவர் அவர். காடு மேடெல்லாம் அவரது வர்ணப் பெட்டியைச் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தச் சட்டத்தின் கீழும் எழுதப்படவில்லை. ஒரு மனிதரின் பார்வை எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், அது திரும்பாத பக்கம் ஒன்று இருக்கும். அவரைப் போற்றும்போதே இதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

கியூவில் ஒரு வீடு

1879 இல் இலண்டனில் தமது படங்களைக் காட்சிக்கு வைத்தார். நல்ல வரவேற்புக் கிடைத்தது. இவற்றுக்கு நிரந்தரமான ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஷ்ரூஸ்பரி புகையிரத நிலையத்தில் வண்டியைத் தவறவிட்டு, அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் கியூவின் பணிப்பாளர் சேர் ஜோசப் ஹூக்கருக்குக் கடிதம் எழுதினார். இவர் முன்பு பூங்கொத்துக் கொடுத்த ஹூக்கரின் மகன். படங்கள் அனைத்தையும் நாட்டுக்குத் தருவதாகவும், அவற்றை வைக்கும் மண்டபத்தைத் தமது செலவிலேயே கட்டித் தருவதாகவும் அக்கடிதம் கூறியது. ஹூக்கர் ஏற்றுக்கொண்டார்.

களைத்து வருவோருக்கு அங்கே தேநீரும் கோப்பியும் கொடுக்கவேண்டும் என்பதும் மரியானின் விருப்பம். அவ்வளவு கூட்டத்துக்கு அது இயலாது என்று மறுத்துவிட்டார்கள். அவர் விவாதிக்கவில்லை. வாசல்களின் மேலே தேயிலைச் செடியையும் கோப்பிச் செடியையும் வரைந்து வைத்துவிட்டார். இன்றும் அவை அங்கே இருக்கின்றன.

கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோது சார்ள்ஸ் டார்வினைச் சந்தித்தார். வேறெங்கும் காணாத தாவரங்களைக் கொண்ட அவுஸ்திரேலியாவைப் பார்க்காமல் உலகத் தாவரங்களைக் காட்டியதாகக் கருதமுடியாது என்பது டார்வினின் கருத்து. மரியான் அதை அரச கட்டளை போல எடுத்துக்கொண்டு 1880 இல் புறப்பட்டார். அவுஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் பார்த்துத் திரும்பி, வரைந்தவற்றை டார்வினுக்குக் காட்டினார். 1882 யூன் 7ஆம் திகதி மண்டபம் திறக்கப்பட்டது. டார்வின் அதற்கு முன்னரே, ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

உடம்பு இடங்கொடாத ஆண்டுகள்

சுவரில் இன்னும் இடைவெளிகள் இருந்தன. ஆபிரிக்காவின் மரங்கள் அங்கே இல்லை. 1882 இல் தென்னாபிரிக்காவுக்கும், அடுத்து சீசெல்ஸ் தீவுகளுக்கும் போனார். யப்பானின் குளிரில் பிடித்த வாத நோய் அவரை விட்டபாடில்லை. காதும் மந்தமாகிவந்தது. சீசெல்சில் பெரியம்மை காரணமாகச் சிறு தீவொன்றில் தனிமைப்படுத்தப்பட்டார். அங்கே அவரது நரம்புகள் தளர்ந்தன. காதில் குரல்கள் கேட்டன. யாரோ தம்மைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்று அஞ்சினார். கேள்வி குறையும்போது மூளை தானாகவே ஒலிகளை உண்டாக்குவதுண்டு. தனிமையும் களைப்பும் அதைப் பெருக்கும். இன்று இதற்கு ஆறுதல் சொல்லவும் உதவவும் வழிகள் உள்ளன. அன்று அவருக்குக் கிடைத்தவை மிகக் குறைவு.

அந்த நிலையிலும் 1884 இல் சிலி நாட்டுக்குப் புறப்பட்டார். அரோக்கேரியா மரக் காட்டை அது வளரும் மலையிலேயே வரைந்துவிட்டால் தம் பணி நிறைவுறும் என்று எண்ணினார். வரைந்து முடித்துத் திரும்பினார். பின்னர் குளோஸ்ரர்ஷயரில் அல்டர்லி என்ற ஊரில் ஒரு வீடெடுத்து, தோட்டமொன்றை உண்டாக்கினார். 1890 ஓகஸ்ட் 30ஆம் திகதி, 59 வயதில் அங்கே காலமானார். அவரது நினைவுக் குறிப்புகளைத் தங்கை கத்தரின் தொகுத்து 1892 இல் வெளியிட்டார்.

நின்று நிலைத்தது

நிறங்கள் அளவுக்கு மிஞ்சியவை என்று கலை விமர்சகர்கள் குறை சொன்னதுண்டு. பூவை அறுத்து உட்பாகங்களைக் காட்டவில்லை என்று தாவரவியலாளரும் சொல்லக்கூடும். ஆனால் ஹூக்கர் ஒன்றை முன்கூட்டியே உணர்ந்தார். இந்தப் படங்களிலுள்ள காட்சிகள் கோடரிக்கும் காட்டுத் தீக்கும் குடியேற்றத்துக்கும் இரையாகி மறைந்துகொண்டிருக்கின்றன என்றும், மறைந்தவற்றை இயற்கையால் மீட்டுத் தர முடியாது என்றும் மண்டபத்துப் பட்டியலின் முன்னுரையில் அவர் குறிப்பிட்டார். மரியானும் கலிபோர்னியாவில் செம்மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு நொந்தவரே.

விஞ்ஞானத்துக்கும் அவரது தூரிகை உதவியது. சரவாக்கில் நண்பர் ஒருவர் சுண்ணக்கல் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கெண்டிச் செடியை அவர் வரைந்தார். அந்தப் படத்தைக் கண்ட பிறகே, இது அறியப்படாத இனம் என்று தேடிப்போனார்கள். அவரது பெயரையே அதற்கு இட்டார்கள். சீசெல்ஸ் மரமொன்றின் பேரினமும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இன்னொன்று இதைவிட வியப்பானது. 1876 இல் சரவாக் காட்டில் அவர் வரைந்த ஒரு படத்தில், நீலக் காய்களோடு ஒரு செடி இருக்கிறது. அது பெயரிடப்படாத இனம் என்பதைக் கியூவில் கண்டறிந்து, 2021 இல்தான் அதற்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாக அந்தச் செடி சுவரிலேயே எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. என்ன செடி என்று தெரியாமலேயே, கண்டதைக் கண்டபடி வரைந்துவைத்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கடந்த பல பத்தாண்டுகளில் எம்மவரின் எத்தனை வளவுகள் அடையாளமின்றிப் போயின! எத்தனை கிணற்றடிகள், கிடுகு வேலிகள், கோயில் வீதி மரங்கள்! புகைப்படப் பெட்டிகளும் இடப்பெயர்வுகளிற் தொலைந்தன. அம்மம்மாவின் வீட்டு முற்றத்தில் பூவரசு நின்றது கிணற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சகோதரிகள் தொலைபேசியில் வாதாடும் குடும்பங்கள் எம்மிடையே எத்தனையோ. ஒரு கோட்டுப் படம் இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திராது.

மரியான் நோர்த்தின் செல்வமும் சுதந்திரமும் எமக்கு இல்லை. காட்டுக்குள் எட்டு மாதம் இருக்க எவருக்கும் விடுமுறை கிடைக்காது. ஆனால் பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் அரை மணித்தியாலமும், புகையிரதம் வரும்வரை மேடையில் இருக்கும் நேரமும் எம்மிடம் இருக்கின்றன. கியூ மண்டபத்துக்கான கடிதமே அப்படியொரு காத்திருப்பில் எழுதப்பட்டதுதானே. பென்சிலும் சிறு கொப்பியும் கைப்பையில் இடம் பிடிக்கப்போவதில்லை. எதிரே நிற்கும் மரத்தைக் கீறிப் பாருங்கள். ஊரின் பெயரையும் திகதியையும் கீழே எழுதுங்கள். படம் நன்றாக வராவிட்டாலும் அந்த மரம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இலண்டனிலும் அதன் அயலிலும் வாழும் எம் சகோதரிகள் ஒரு நாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கியூவுக்குச் சென்று வாருங்கள். படங்கள் நாடுவாரியாக மாட்டப்பட்டுள்ளன. இலங்கைப் பகுதியைத் தேடிக் கண்டுபிடித்து, பேராதனையில் நாம் சுற்றுலா போனபோது ஓடி விளையாடிய அந்த வேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெளியே வரும்போது வாசலுக்கு மேலே பார்க்க மறக்க வேண்டாம். எமது மலைநாட்டின் கோப்பியும் தேயிலையும் அங்கே இருக்கும்.